ஐந்து காலி பாக்கெட்டுக்கு ஒரு ஷாம்பு: கடலூர் சாஷே சந்தையைப் பிடித்த விதம்

ஷாம்பு சாஷேயைப் பற்றிப் பேச்சு வந்தால் 'சின்ன பாக்கெட், சின்ன விலை, ஏழைக்கும் எட்டியது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். விலை ஒன்றே காரணமென்றால், முதலில் வந்த வெல்வெட் ஷாம்புதான் கடைசிவரை சந்தையை ஆண்டிருக்க வேண்டும். அதே கடலூரில், அதே குடும்பத்திலிருந்து, கையில் மிகக் குறைந்த பணத்தோடு பின்னால் வந்த சிக் ஷாம்பு அதை எப்படி முந்தியது என்பதுதான் இங்கே கேள்வி. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஷாம்புவை வாங்கக்கூடிய சரக்காக ஆக்கியது சாஷே. அதை வாங்கவைத்தவை இரண்டு: கிராமத்தில் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கச் செய்த செய்முறை விளக்கம், குப்பையில் கிடந்த காலி பாக்கெட்டுக்கு மதிப்புக் கொடுத்த திட்டம். நடிகை நடித்த விளம்பரம் வந்தது அதற்குப் பிறகு.

பாட்டில் காலம்

1970-களில் தமிழ்நாட்டு வீடுகளில் தலைக்குக் குளிப்பது வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் வேலை. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காயோ அரப்போ போட்டு எண்ணெயை எடுப்பார்கள். சீயக்காயோடு வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு சேர்த்து வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்து டப்பாவில் போட்டுவைத்தால் மாதக்கணக்கில் வரும். கைக்காசு குறைந்த வீட்டில் குளியல் சோப்பே தலைக்கும் போகும். எப்படியானாலும் அது வீடு முழுமைக்கும் சேர்த்து வாங்கும் சரக்கு. எதை வாங்குவது என்ற முடிவும் மாத மளிகைப் பட்டியல் போடுகிறவர் கையில்தான்.

ஷாம்பு பாட்டில் இந்தப் பட்டியலுக்குள் நுழைய மூன்று தடைகள் இருந்தன. முதலாவது நாள்கூலி. அன்றன்றைக்குக் கூலி வாங்கி அன்றன்றைக்குச் சாமான் வாங்கும் குடும்பம், ஒரு மாதத்துக்கான ஷாம்புவின் விலையை ஒரே நாளில் கொடுக்க முடியாது. மாதக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகும் பொருள்கூட நாள் கணக்கில் கட்டுப்படியாகாது.

இரண்டாவது கடைக்காரரின் முதல். கிராமத்து மளிகைக் கடையில் ஒரு டஜன் பாட்டிலை அடுக்கினால், விற்கும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். அதே பணத்துக்குப் பருப்பும் எண்ணெயும் போட்டால் வாரத்துக்கு ஒருமுறை சுழலும். மூன்றாவது வரி. அழகுசாதனப் பொருள்களை ஆடம்பரச் சரக்காகக் கருதி அரசு கனமான கலால் வரி போட்டிருந்தது. சிறுதொழில் வரம்புக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் சலுகை உண்டு. பெரிய நிறுவனங்கள் கிராமத்தை ஏறெடுத்துப் பார்க்காததற்கும், கடலூர் போன்ற ஊரிலிருந்து ஒரு சிறு தொழிற்கூடம் உள்ளே நுழைய முடிந்ததற்கும் இந்த வரி வித்தியாசம் ஒரு காரணம்.

சின்னி கிருஷ்ணன்

கடலூரில் மருந்துப் பொருள்களைப் பாக்கெட் போடும் தொழில் நடத்திவந்தவர் சின்னி கிருஷ்ணன். தகர டப்பாவில் மட்டும் விற்ற டால்கம் பவுடரை 100, 50, 20 கிராம் பொட்டலங்களாக்கியவர். 100 கிராமில் விற்ற எப்சம் உப்பை 5 கிராம் பாக்கெட்டாக்கியவர். கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா ஓட்டுகிறவரும் தன் சரக்கை வாங்க முடியவேண்டும் என்பது அவர் கணக்கு. நீர்மப் பொருளைச் சின்னப் பையில் அடைக்கலாம் என்ற யோசனையும் அவருடையதே. அதைச் சந்தையில் நிலைநிறுத்துவதற்குள் 1979-ல் இறந்துவிட்டார். மூத்த மகன்கள் 1980 வாக்கில் வெல்வெட் ஷாம்புவைச் சாஷேயில் கொண்டுவந்தார்கள். அது ஓடவும் செய்தது.

இளைய மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் வேதியியல் பட்டதாரி. அண்ணன்மாரோடு கருத்து வேறுபாடு வந்து வெளியேறி, 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொடங்கினார். செலவு விவரம் அவரே பேட்டிகளில் சொன்னது: மாதம் 250 ரூபாய் வாடகையில் வீடும் அலுவலகமும், 300 ரூபாய் வாடகையில் தொழிற்கூடம், 3,000 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் போடும் இயந்திரம். தந்தை பெயரின் எழுத்துகளைக் கொண்டு ஷாம்புவுக்குச் சிக் என்று பெயர். முதல் மாதத்தில் 20,000 பாக்கெட் அளவில்தான் விற்றது. அடமானம் காட்டச் சொத்தில்லாததால் வங்கிக் கடன் கிடைக்கவே ஆண்டுக்கணக்கானது. முதலில் வந்த கடன் 25,000 ரூபாய்.

இந்தத் தொகைகளைச் சாதனைக் கதையின் அலங்காரமாகப் படிக்காமல் தொழில் கணக்காகப் படிக்க வேண்டும். இவ்வளவு சிறிய முதலில் செய்தித்தாள் விளம்பரமோ தொலைக்காட்சி நேரமோ நினைத்தும் பார்க்க முடியாது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்ததே 1975-ல். தூர்தர்ஷனில் விளம்பரம் தொடங்கியது 1976-ல். கிராமத்தில் பெட்டி இருந்த வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விளம்பரத்துக்குக் காசில்லை என்ற நெருக்கடிதான் சிக்கை நேரே ஊருக்குள் இறக்கியது.

பாக்கெட்டின் உடற்கூறு

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சாஷேயை ஒரு பிளாஸ்டிக் பை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது மூன்று படலங்களை ஒட்டிய அடுக்குத்தாள். வெளியே பாலியெஸ்டர், பெரும்பாலும் 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்); அச்சு இதன் உட்பக்கத்தில் இருப்பதால் கை பட்டு அழியாது. நடுவில் உலோகப் பூச்சுள்ள படலம் ஒளியையும் காற்றையும் தடுக்கும். வாசனையைக் காப்பது முக்கியமாக இதுதான். உள்ளே பாலித்தீன், 40 மைக்ரான் அளவில். பாக்கெட் போடும் இயந்திரத்தின் தாடைகள், அதாவது இருபுறமும் அழுத்தும் சூடான கட்டைகள், அழுத்தும்போது உருகி ஒட்டுவது இந்தப் படலம் மட்டுமே.

இயந்திரம் சுருளிலிருந்து வரும் தாளை மடித்து, பக்கவாட்டில் ஒட்டி, அடியில் ஒட்டி, ஷாம்புவை விட்டு, மேலே ஒட்டி, அடுத்ததற்குப் போகும். தாளின் தடிமனையும் ஓட்ட வேகத்தையும் பொறுத்துத் தாடையின் சூடு ஏறத்தாழ 130 முதல் 160 டிகிரி செல்சியஸ். சூடு குறைந்தால் ஒட்டு பிரியும். கூடினால் ஓரத்தில் பாலித்தீன் பிதுங்கி, ஒட்டுக்கு அடுத்த கோடு மெலிந்து, கசக்கும்போது அங்கேயே கிழியும்.

பாக்கெட் போடும் இடத்தில் நாள்தோறும் மல்லுக்கட்டும் பிரச்சினை வேறு. ஷாம்பு நூல்போல் இழுபடும் திரவம். குழாய் மூடிய பிறகும் ஒரு வால் தொங்கி, ஒட்ட வேண்டிய இடத்தில் விழும். அந்த ஈரத்தின் மேல் தாடை அழுத்தினால் பார்வைக்கு ஒட்டியதுபோல் இருக்கும். அட்டைப்பெட்டியின் அடியில் நூறு பாக்கெட் பாரம் விழுந்ததும் கசியும். ஒன்று கசிந்தால் அதோடு ஒட்டித் தொடராக வரும் பாக்கெட்டுகளின் சரம் முழுக்கப் பிசுபிசுக்கும். கடைக்காரர் மொத்தச் சரத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் குழாயின் முனையில் உள்ளிழுக்கும் ஏற்பாடு வேண்டும், அல்லது ஷாம்புவின் கெட்டித்தன்மையை இயந்திரத்துக்குத் தக்கபடி வைக்க வேண்டும்.

கெட்டித்தன்மை விஷயத்தில் சாதாரண உப்பு எஜமானன். நுரைப்பானாக, அதாவது நுரை தரும் பொருளாக, சோடியம் லாரெத் சல்ஃபேட் போட்ட ஷாம்புவில் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் திரவம் கெட்டியாகிக்கொண்டே போகும்; ஒரு உச்சம் வந்ததும் அடுத்த கைப்பிடியில் மளமளவென்று நீர்த்துவிடும். நீர்த்த பிறகு இன்னும் உப்புப் போட்டால் மோசமாகுமே தவிர மீளாது. உப்பில்லாத கலவையைச் சேர்த்துத்தான் மீட்க வேண்டும். நுரைப்பானின் உப்பு அளவு சரக்குக்குச் சரக்கு மாறும் என்பதால், ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு லிட்டர் மாதிரியில் எவ்வளவு உப்புக்கு எவ்வளவு கெட்டி என்று பார்த்துவிட்டுத்தான் பெரிய தொட்டியில் கை வைக்க வேண்டும். கலக்கும்போது காற்றை அடித்துவிட்டால் அது இன்னொரு தொல்லை. குமிழி நிறைந்த ஷாம்பு கன அளவில் சரியாக விழும், எடையில் குறையும். இரவு முழுக்கத் தொட்டியில் விட்டுக் காற்று வெளியேறிய பிறகு நிரப்புவதே முறை.

வாசனையும் சும்மா இருப்பதில்லை. எலுமிச்சை வகை வாசனைப் பொருள்கள் பாலித்தீனுக்குள் ஊறிப்போகும். சில, படலங்களை ஒட்டிய பசையையே தளர்த்தி அடுக்கைப் பிரித்துவிடும். புது வாசனையைச் சந்தைக்கு அனுப்புமுன் நிரப்பிய பாக்கெட்டை 45 டிகிரி அறையில் சில வாரங்கள் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். கசிவுக்கு எளிய சோதனை, தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் கலத்தில் பாக்கெட்டை மூழ்கவைத்துக் காற்றை உறிஞ்சுவது. ஓட்டை இருந்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். பைக்குள் காற்று அதிகம் அடைபட்டிருந்தால் சமவெளியில் சரியாக இருந்த பாக்கெட் ஊட்டிக்குப் போய் உப்பிக்கொண்டு நிற்கும்.

கிழிக்கும் வெட்டு ஓரத்தில் இல்லாவிட்டால் சாஷே தோற்ற சரக்கு. ஈரக்கையால் பாலியெஸ்டரைக் கிழிக்க முடியாது. எல்லோரும் பல்லால்தான் கடிப்பார்கள். சோப்புக் கசப்பு வாயில் பட்ட அனுபவம் அடுத்த முறை வாங்கும்போது நினைவுக்கு வரும்.

கடையில் இதன் பலம் சரம். பாக்கெட்டுகளை அறுக்காமல் துளைக்கோட்டோடு நீளமாக விட்டால் கடைக்காரர் ஆணியில் தொங்கவிடுவார். அலமாரி இடம் தேவையில்லை. பெட்டிக்கடையின் முகப்பில், வாங்குபவரின் கண்ணுக்கு நேரே, அச்சிட்ட பெயரும் படமும் நாள் முழுக்கத் தொங்குகின்றன. பலகை வைக்கக் காசு கொடுக்காமல் கிடைத்த விளம்பரம் இது. வெயில் படும் கடையில் ஒரே மாதத்தில் சிவப்பு மை வெளுத்துவிடும் என்பதால், மை தேர்விலும் கவனம் தேவைப்பட்டது.

சிறுவனின் தலை

சிக் ஆள்கள் ஷாம்பு பழக்கமே இல்லாத ஊர்களுக்குப் போனார்கள். ஒரு சிறுவனை உட்காரவைத்து எல்லார் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் கழுவி, கூட்டத்தில் இருப்பவர்களை அவன் முடியைத் தொடவும் முகரவும் சொன்னார்கள். ரஜினிகாந்த் படக் காட்சிகளை ஏற்பாடு செய்து, இடையில் விளம்பரம் காட்டி, செய்முறையும் செய்து, முடிவில் பாக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அந்த வட்டாரத்தில் விற்பனை மூன்று நான்கு மடங்கு ஏறியதாக ரங்கநாதன் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் இதுவே முறை.

ஏன் சிறுவன்? காரணங்களை நாங்கள் ஊகிப்பது இப்படி. ஊர்நடுவே ஒரு பெண்ணின் தலையைப் பலர் தொடுவது நடக்காத காரியம். பையனின் குட்டை முடியில் ஒரு பாக்கெட்டே தாராளம். நுரை உடனே எழும். பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். நீளமான, எண்ணெய் ஊறிய கூந்தலில் முதல் முறை போடும் ஷாம்பு நுரைக்கவே நுரைக்காது. எண்ணெய் அதைத் தின்றுவிடும். இரண்டாம் முறைதான் நுரை வரும். இதைச் சொல்லித்தராமல் பாக்கெட்டை மட்டும் கொடுத்தனுப்பினால், வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு 'நுரையே இல்லை, மட்டமான சரக்கு' என்று தள்ளிவிடுவார்கள். இலவச மாதிரி கொடுத்துக் கெட்டுப்போன பல பொருள்களின் கதை இதுதான்.

தண்ணீரும் சிக்குக்குத் துணை நின்றது. கடலோரப் பகுதிகளில் கிணற்று நீர் பல இடங்களில் உப்புக்கரிக்கும். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத படிவாகி முடியில் ஒட்டும்; முடி சிக்காகி விறைக்கும். ஷாம்புவின் நுரைப்பான் அந்தப் படிவை உண்டாக்குவதில்லை. சோப்புப் போட்டுப் பழகிய தலைக்கும் கழுவிக் காய்ந்த அந்தச் சிறுவன் தலைக்கும் உள்ள வித்தியாசத்தை விரலே சொல்லிவிடும். எந்தச் சுவரொட்டியாலும் இதைச் செய்ய முடியாது.

ஐந்துக்கு ஒன்று

சிக்கின் மிகச் சிறந்த விளம்பரம் என்று நாங்கள் கருதுவது வாசகமோ படமோ இல்லாதது. எந்த நிறுவனத்தின் ஷாம்பு பாக்கெட்டானாலும் சரி, காலியாக ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். சில காலம் கழித்துத் திட்டத்தை மாற்றினார்கள்: ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமாக உயர்ந்தது இந்தத் திட்டத்தால்தான் என்பது ரங்கநாதன் தரும் கணக்கு.

முதல் கட்டம் செய்ததைப் பாருங்கள். காலி பாக்கெட் ஐந்து வைத்திருப்பவர் ஷாம்பு போடும் பழக்கம் உள்ளவர் என்பது நிரூபணமான விஷயம். இலவச மாதிரி ஊர் முழுக்க இறைபடும். இந்தத் திட்டத்தில் அது சரியான தலைக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. பழக்கத்தை உண்டாக்கும் செலவைப் போட்டி நிறுவனம் ஏற்கெனவே செய்து முடித்திருக்கும். போதாததற்கு, கடைக்கு வந்து சேரும் காலிகளைப் பெயர்வாரியாகப் பிரித்தால் அந்தத் தெருவில் எது எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கும் கையில் கிடைக்கும். சந்தை ஆய்வு நிறுவனம் எட்டிப் பார்க்காத ஊர்களில் அது சின்ன லாபமில்லை.

இரண்டாம் கட்டம் வேறு வேலை செய்தது. கணக்குக்காக ஒரு பாக்கெட் ஒரு ரூபாய், கடைக்காரர் கமிஷனும், கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த விநியோகஸ்தரான ஸ்டாக்கிஸ்ட்டின் கமிஷனும் போக நிறுவனத்துக்கு 85 பைசா, தயாரிப்புச் செலவு 35 பைசா என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விற்றால் வரவு 4 ரூபாய் 25 பைசா. இலவசத்தையும் சேர்த்து ஆறு பாக்கெட்டின் செலவு 2 ரூபாய் 10 பைசா. வாங்குபவருக்கு ஆறில் ஒரு பங்கு தள்ளுபடி. நிறுவனத்துக்கு அது 35 பைசாவும் காலிகளைச் சேகரிக்கும் செலவும்தான். இதே தள்ளுபடியை நேரடியாக விலையில் கொடுத்தால் ஒரு பாக்கெட் 83 பைசா. அந்தச் சில்லறை யாரிடமும் இருக்காது. கடைக்காரர் ஒரு ரூபாயே வாங்கிக்கொள்வார். தள்ளுபடி வாங்குபவர் கைக்குப் போய்ச் சேராது.

எப்போது முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதற்கு மாறுவது என்பதில்தான் இப்படிப்பட்ட திட்டங்கள் கவிழ்கின்றன. சீக்கிரம் மாறினால் யாரிடமும் ஐந்து சொந்தப் பாக்கெட் சேர்ந்திருக்காது, திட்டம் செத்துவிடும். தாமதித்தால் போட்டிச் சரக்கை வாங்குபவருக்கு நாமே பரிசு கொடுத்துக்கொண்டிருப்போம். சேகரித்த காலிகளில் நம்முடையது பாதியைத் தாண்டும்போது மாறுவது நல்ல அளவுகோல்.

நடத்துவதில் உள்ள சிக்கல்களையும் சொல்ல வேண்டும். எண்ணிய காலிகளை அங்கேயே மூலை வெட்டி அழிக்காவிட்டால், ஒரே மூட்டை இரண்டு ஸ்டாக்கிஸ்ட்டிடம் போய் இரண்டு முறை கணக்காகும். கையால் எண்ணுவது ஆகாத வேலை. ஆயிரம் எண்ணி எடைபோட்டு, பிறகு எடையிலேயே கணக்குப் பார்ப்பார்கள். ஆனால் கழுவாத பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் ஷாம்பு எடையைக் கூட்டிக் காட்டும். இலவசப் பாக்கெட்டில் 'விற்பனைக்கு அல்ல' என்று தனியாக அச்சிடாவிட்டால் கடைக்காரர் காசுக்கு விற்றுவிடுவார். இலவசச் சரக்கு தீர்ந்துபோன வாரத்தில் ஐந்து காலியோடு வந்த சிறுமியைத் திருப்பி அனுப்பினால், கோபம் கடைக்காரர் மேல் விழும். அவர் அந்தச் சரத்தையே இறக்கிவிடுவார். திட்டத்தை அறிவிக்குமுன் இலவசத்துக்கான சரக்கைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.

வீட்டுக்குள் நடந்த மாற்றத்தை இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சீயக்காய் வீட்டுக்கு ஒன்று. சாஷே ஆளுக்கு ஒன்று. ஒரு பெண்பிள்ளை தன் கைக்காசில், தனக்குப் பிடித்த வாசனையில், அம்மாவைக் கேட்காமல் வாங்கிக்கொள்ளலாம். மளிகைப் பட்டியலிலிருந்து விலகித் தனி ஆளின் விருப்பமாக மாறிய முதல் சரக்குகளில் ஷாம்பு ஒன்று. நுகர்வுப் பண்பாடு என்று பெரிய பேச்சாகச் சொல்வதெல்லாம் தெருமுனைப் பெட்டிக்கடையில் இப்படித்தான் தொடங்கியது.

மல்லிகை, ரோஜா, அமலா

இதற்குப் பிறகுதான் மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தன. விற்பனை மாதம் 30 லட்சம் ரூபாய். தலையில் பூ வைக்கும் ஊரில் அந்த இரண்டு வாசனைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு நடிகை அமலாவை வைத்து விளம்பரம். மாதம் ஒரு கோடி. வரிசை முக்கியம். சரம் எல்லாக் கடையிலும் தொங்கத் தொடங்கிய பிறகு நடிகை வந்தார். முன்பே வந்திருந்தால், விளம்பரத்தைப் பார்த்துக் கடைக்குப் போனவர் சரக்கில்லாமல் திரும்பி, பக்கத்தில் தொங்கிய வேறொன்றை வாங்கியிருப்பார்.

நிறுவனம் 1990-ல் பியூட்டி காஸ்மெடிக்ஸ், 1998-ல் கவின்கேர் என்று பெயர் மாறியது.

ஐம்பது பைசா

சாஷே ஓடும் என்று தெரிந்ததும் ஹிந்துஸ்தான் லீவர் போன்ற பெரிய நிறுவனங்களும் கிளினிக், சன்சில்க் பெயர்களில் சரம் விட்டன. அவர்களுக்கு இருந்த விநியோகப் பலத்துக்கு முன் சிக்கின் பதில் 1999-ல் வந்தது: பாக்கெட் 50 பைசா.

சாஷே வியாபாரத்தில் விலை என்பது நாணயம்தான். 50 பைசாவுக்கும் ஒரு ரூபாய்க்கும் நடுவே விலை வைக்க நடைமுறையில் இடமில்லை. மூலப்பொருள் விலை ஏறினால் மற்றச் சரக்கைப் போல் ஐந்து சதவீதம் கூட்ட முடியாது. பாக்கெட்டுக்குள் இருப்பதைத்தான் குறைக்க வேண்டும். எதை? ஷாம்புவின் அளவைக் குறைத்தால் நீளக் கூந்தலுக்கு ஒன்று போதாமல் இரண்டு வாங்க வேண்டிவரும். அது விலை ஏற்றத்துக்குச் சமம் என்பதை வாங்குபவர் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். நுரைப்பானைக் குறைத்தால் எண்ணெய்த் தலையில் தோற்கும். படலத்தை மெலிதாக்கினால் கசிவு. வாசனையைக் குறைப்பது எல்லாவற்றிலும் மோசம். கடையில் பாக்கெட்டை மூக்கில் வைத்துப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. அனுபவப்பட்டவர்கள் முதலில் குறைப்பது பாக்கெட்டின் ஓரத்தை. ஒட்டின் அகலத்தை ஒரு மில்லிமீட்டர் சுருக்கினால் கோடிக்கணக்கான பாக்கெட்டில் தாள் மிச்சம் கணிசம். ஆனால் அதற்கு இயந்திரத் தாடை பிசகாமல் பொருந்த வேண்டும்.

இந்தியாவில் சாஷேயில் ஒரு மில்லி ஷாம்பு, பாட்டிலில் உள்ளதைவிட மலிவாகவே பல ஆண்டுகள் கிடைத்தது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற பொதுவிதி இங்கே தலைகீழ். அதனால்தான் பாட்டில் வாங்க வசதி உள்ள வீட்டிலும் சரம் சரமாகச் சாஷே வாங்குவார்கள்.

வரி குறைந்தாலும் நாணயம் விடுவதில்லை. 2025 செப்டம்பர் 22-ல் ஷாம்பு மீதான ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமானது. ஒரு ரூபாய் பாக்கெட்டில் வரி நீங்கலான பங்கு 84.7 பைசா, புது வரியோடு அது 89 பைசா. 89 பைசா விலையை வாங்கவும் கொடுக்கவும் நாணயம் கிடையாது. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011-லேயே செல்லாமல் போய்விட்டன. அதே ஒரு ரூபாய்க்கு அளவைக் கூட்டிக் கொடுப்பதென்றால் சுமார் 12 சதவீதம்: 6 மில்லி இருந்த இடத்தில் 6.7 மில்லி. காகிதத்தில் எளிது. இயந்திரத்தில், அதே பைக்குள் 0.7 மில்லி கூடும்போது மேல்மட்டம் உயர்ந்து, பழைய வால் பிரச்சினை மறுபடி தலைதூக்கும். பையின் உயரத்தைக் கூட்டினால் தாள் செலவும் அச்சு உருளையும் மாறும்.

முதலில் வந்தவர் ஏன் பின்தங்கினார்

வெல்வெட்டின் விற்பனையை ஒரு கட்டத்தில் கோத்ரெஜ் கையில் எடுத்தது. பெரிய வலைப்பின்னல், பெரிய விளம்பரப் பணம். அப்படி இருந்தும் சிக் முந்தியதற்கு எங்கள் விளக்கம் இது: தயாரிப்பவரும் விற்பவரும் வேறாகும்போது ஊரிலிருந்து வரும் செய்தி பாதி வழியில் நின்றுவிடும். எந்தத் தெருவில் யாருடைய காலி பாக்கெட் விழுகிறது என்று பார்த்துத் திட்டத்தை மாற்றும் வேகம் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே இருக்காது. வெல்வெட்டிடம் சாஷே இருந்தது, விலையும் இருந்தது. கடைத்தெருவோடு நேரடிப் பேச்சு சிக்கிடம்தான் இருந்தது. 2000-களில் சி.கே. பிரகலாத் போன்ற நிர்வாகவியல் அறிஞர்கள் அடித்தட்டுச் சந்தை பற்றி எழுதியபோது உலகமே சாஷேயைத் திரும்பிப் பார்த்தது. அதைப் படித்துப் பொட்டலத்தை மட்டும் சின்னதாக்கிய நிறுவனங்கள் பல. செய்முறைக்கு ஆள் அனுப்பியவை சில.

காலியான பிறகு

சாஷே விட்டுச்சென்ற கடனும் இந்த ஆய்வில் சேர வேண்டியதே. மேலே சொன்ன அடுக்கில் ஐந்தரைக்கு ஏழரை சென்டிமீட்டர் பாக்கெட் ஒன்றின் எடை சுமார் 0.6 கிராம். 180 மில்லி ஷாம்புவுக்கு முப்பது பாக்கெட் என்றால் 18 கிராம் பிளாஸ்டிக். அதே அளவுப் பாட்டிலும் கிட்டத்தட்ட அந்த எடைதான் இருக்கும். ஆகவே கோளாறு எடையில் இல்லை. பாட்டிலைப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போடலாம். சாஷேயை ஒரு கிலோ சேர்க்க 1,600-க்கும் மேல் பொறுக்க வேண்டும், சேர்த்தாலும் எடுப்பாரில்லை. பாலியெஸ்டரும் பாலித்தீனும் வெவ்வேறு சூட்டில் உருகுபவை. ஒட்டிய அடுக்கைப் பிரிக்கும் செலவு கிடைக்கும் சரக்கைவிட அதிகம். சேகரித்தவற்றில் பெரும்பகுதி சிமெண்ட் சூளையில் எரிபொருளாகப் போகிறது; சேகரிக்காதது சாக்கடைக் கண்ணை அடைக்கிறது.

காலி ஒன்றுக்கு 5 பைசா திருப்பிக் கொடுத்தால் கிலோவுக்கு 80 ரூபாய் ஆகும். பொறுக்குபவர்கள் விட்டுவைக்க மாட்டார்கள். ஒரு ரூபாய் சரக்கில் 5 பைசா என்பது விலையில் 5 சதவீதம். அதை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. 2016-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகளும் 2022-ல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகளும் அந்தச் சுமையை நிறுவனங்கள் பக்கம் தள்ளியிருக்கின்றன.

தொழிற்கூடப் பக்கத்தில் இப்போது முயல்வது எல்லாப் படலத்தையும் பாலித்தீனிலேயே செய்வது. அப்படியானால் உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். இடைஞ்சல் தாடையில் வருகிறது. பாலியெஸ்டர் வெளிப்படலம் சூட்டைத் தாங்கிக்கொண்டு உள்படலத்தை மட்டும் உருகவிடும். இரண்டும் பாலித்தீனானால் உள்ளே ஒட்டுவதற்குள் வெளிப்பக்கம் தாடையில் பற்றிக்கொள்ளும். சூட்டைக் குறைத்து, தாடை அழுத்தும் நேரத்தைக் கூட்ட வேண்டும். நிமிடத்துக்கு வரும் பாக்கெட் எண்ணிக்கை குறையும். உலோகப் பூச்சு இல்லாததால் மல்லிகை வாசனை சீக்கிரம் மங்கும். அதைத் தடுக்க மெல்லிய தடுப்புப் பூச்சு ஒன்று தேவை. ஒரு ரூபாய்க்குள் இதையெல்லாம் அடக்க இயந்திரத் தாடைகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.